அண்டா கொடுத்தவர்களுக்கும் கதை கொடுத்தவர்களுக்கும்

பெஸ்தாரி ஜெயா பெரியவர்களுக்கும், இன்னமும் ஊரின் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெரியவர்களுக்கும், அண்ணன் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஐ.நா.வின் பண்பாட்டுப் பன்மைத்துவ நாளான மே 21-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கல்லூரியில் உலகப் பண்பாட்டு விழா நடந்தது. மேடையில் நன்றி சொல்ல எனக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். அதில் பாதி பிரமுகர்களின் பட்டங்களைப் படிப்பதற்கே போய்விட்டது. விட்டுப்போனவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் கோயில் தலைவர் ஐயாவுக்கு. பந்தல் போடுகிறேன் என்று முன்பணம் வாங்கியவர் முந்தின நாள் இரவு கைப்பேசியை அணைத்துவிட்டார். (பெயர் வேண்டாம், பணம் திரும்பி வந்தால் போதும்.) பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினோம். "சாப்பிட்டீங்களா பிள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுத்தீர்கள். கூடாரம், நாற்காலி, அன்னதான அண்டா எல்லாம் கிடைத்தது. ஒரே ஒரு கண்டிஷன், அண்டாவில் கவிச்சி படக் கூடாது. எல்லாவற்றையும் லோரியில் ஏற்றி வந்த அங்கிள் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

அந்தக் கண்டிஷனைக் கேட்டு முழித்தவர் எங்கள் நைஜீரிய மாணவர். காராமணியைச் செம்பனை எண்ணெயில் சமைப்பதாக இருந்தார். அவர்கள் ஊரில் அதில் காய்ந்த இறாலைப் பொடித்துப் போடுவார்களாம். கோயில் பாத்திரம் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் பொடியைப் பையில் திருப்பி வைத்தார். தம்பி, அதற்கு நன்றி. எண்ணெய்க்கும் நன்றி. சுற்றிலும் செம்பனைக் காடுதான், ஆனால் அந்தச் சிவப்பு எண்ணெய்ப் போத்தலுக்கு நீங்கள் கோலாலம்பூர் வரை போய்வந்தீர்கள்.

எண்ணெய் சூடேறியதும் வாசம் வளாகம் முழுக்கப் பரவியது. பேத்தியின் நடனம் பார்க்க வந்த பாட்டி எழுந்து அடுப்புப் பக்கம் போனார். "மில்லுகிட்ட அடிக்குமே, அதே வாடை. இதையா சாப்பிடுறாங்க?" முப்பது வருடத்துக்கு மேல் செம்பனையில் வேலை செய்தவர். ஆனால் பாக்கெட்டில் வரும் மஞ்சள் எண்ணெயைத் தவிர வேறு ருசி பார்த்ததில்லை. ஒரு கரண்டி வாங்கினார், பிறகு ஒரு தட்டு. "உப்புதான் கொஞ்சம் பத்தல."

பக்கத்திலேயே எங்கள் விளக்கப் பலகை இருந்தது. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா, 1848-இல் ஜாவாவின் போகோருக்கு வந்தவை நான்கு கன்றுகள், மலேசியாவில் முதன்முதலில் வணிகத்துக்காக நட்டது 1917-இல், நம் தென்னமரம் தோட்டத்தில். (பேரைக் கேட்டால் தென்னை, நட்டது பனை.) எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தோம். ஆனால் பாட்டி சொன்னது பலகையில் இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்குக் கிடைத்த வேலை, ஆண்பூவின் தூளைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதிவிடுவது. முள் கிழிக்கும், தூள் கண்ணில் விழும். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்ன மூக்கு வண்டைத் தோட்டங்களில் விட்டார்கள். அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது.

நான் இதை மொழிபெயர்த்ததும் தம்பி சிரித்தார். கேமரூன் எங்களுக்குப் பக்கத்து நாடு என்றார். பாட்டி இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப, என் வேலைய புடுங்குனது உங்க ஊரு பக்கத்து வண்டுதானா?" பாட்டி, அன்று விழாவில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

தோட்டத்தில் பழம் வெட்டும் வங்காளதேச அண்ணன்களுக்கு: வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்தீர்கள். தாய்மொழிப் பலகையில் வங்காளத்தில் எழுதிவிட்டு, 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மொழிக்காகக் குண்டடிபட்டு இறந்த மாணவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த நாளைத்தான் 1999-இல் யுனெஸ்கோ தாய்மொழி நாளாக அறிவித்தது என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிறகு உங்களில் ஒருவர், இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் அடையவில்லை என்றார். பாட்டி உடனே, "எங்க தாத்தாவும் கங்காணிகிட்ட கடனோடதான் கப்பல் ஏறுனாரு" என்றார். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணி முறை 1938-இல் முடிந்தது என்று எங்கள் விரிவுரையாளர் ஒரு படவில்லை தயாரித்திருந்தார். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, மைக்கைப் பாட்டியிடம் கொடுத்தார். சார், அதற்கு உங்களுக்குத் தனி நன்றி.

உடை அணிவகுப்பு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு மணி நேரம், இந்தப் பேச்சு இருபது நிமிடம். அடுத்த ஆண்டு மாற்றிப் போட வேண்டும் என்பது என் கட்சி. செயலவை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கொம்பாங் மேளம் அடித்த தம்பிகள், மழையில் நனைந்த ஒலிபெருக்கியைத் தன் துடுங்கால் (தலைத்துணியால்) மூடிக் காப்பாற்றிய கேண்டீன் மக்சிக் (மலாய் அத்தை), ஐஸ்கட்டி கொடுத்த கடைக்காரத் தவுக்கே, எல்லோருக்கும் நன்றி.

கோயில் தலைவர் ஐயாவுக்கு ஒரு சேதி. நாற்காலிகள் வந்து சேர்ந்திருக்கும். அண்டாவின் அடியில் சிவப்புக் கறை இன்னும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம், வெள்ளிக்கிழமை பூஜைக்குள் கொண்டுவந்துவிடுவோம்.

அன்புடன்,
விழாக் குழுச் செயலாளர்