வாணிக்கு அப்பா எழுதுவது

தெம்பனீஸ், சிங்கப்பூர்

அன்பு மகள் வாணிக்கு,

அம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது. பெரியம்மா வீட்டு விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, விவரத்தை நேரில் சொல்கிறேன். செல்வம் மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வேறு செய்தி இல்லை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "எல்லாம் சரிதான் அப்பா" என்கிறாய். அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

போன செவ்வாய்க்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போயிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். அந்த நேரத்தில் கூட்டம் இருப்பதில்லை. ஓரத்து மேசைகளில் குளிர்சாதனக் காற்று நேராக முதுகில் படுகிறது. அங்கே நெடுநேரம் உட்காருகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போவது நல்லது. பகல் சாப்பாட்டையும் தள்ளிப்போடக் கூடாது. நூலகத்தைப் பற்றிச் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிப் போனதும் அம்மா சொன்னாள், "பிள்ளை தூங்குவதே இல்லை போலிருக்கிறது" என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது. தூங்கு வாணி. மனத்தில் என்ன முடிவு இருந்தாலும், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு எடு.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. தொடக்கப்பள்ளியில் படித்தபோது, பிடோக்கில், கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குவதைக் காட்டும் நியூவாட்டர் காட்சிக்கூடத்துக்கு உங்களை அழைத்துப் போனார்கள். 2003ஆம் ஆண்டு, அது திறந்த புதிது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், கழிவுநீர் முதலில் நுண்வடிகட்டிக்குள் போகும், அடுத்து எதிர் சவ்வூடுபரவல், கடைசியில் புற ஊதாக் கதிர் என்று விரல்விட்டுச் சொன்னாய். அங்கே கொடுத்த பாட்டிலைத் தம்பியைத் தொடவிடவில்லை. சாக்கடைத் தண்ணீரையா குடிப்பது என்று அம்மா முகம் சுளித்ததற்கு அவளோடு சண்டை போட்டாய். அன்றைக்கே உன் தொழில் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் பேச்சுத்தான். குழாயில் மாதிரி எடுக்கும் முன் அதன் வாயைத் தீயில் சுட வேண்டும், தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். புட்டியை மட்டும் கழுவிவிடக் கூடாது, ஏனென்றால் உள்ளே இருக்கிற தயோசல்பேட்டு குளோரினை அடக்குவதற்காகப் போட்டது. அது அடங்காவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு வருகிற வழியிலேயே கிருமி செத்துப்போகும், கெட்ட தண்ணீருக்கும் நல்ல தண்ணீர் என்று சான்றிதழ் போய்விடும். 100 மில்லிலிட்டரைச் சவ்வு வழியாக இழுத்து, அந்தச் சவ்வைத் தட்டில் வைத்து, மறுநாள் கிருமி வளர்ந்த புள்ளிகளை எண்ணுவீர்கள். கிரேன் ஓட்டிய எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீ சொல்லித்தான். ஒரு கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில், மேலே இருந்தவர்கள் போதும் என்று சொன்ன பிறகும் நீ மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்று நின்றாய். அந்த இரவு நீ பசியோடு வந்தாலும் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. என் மகள் யார் என்று அப்போது நான் பார்த்தேன்.

அப்புறம் மேலாளர் ஆனாய். அம்மா பெருமாள் கோவிலில் அர்ச்சனை செய்தாள். நான் தேக்கா சந்தையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னேன். சந்தோஷப்பட்டதில் தப்பில்லை, உழைத்து வந்த பதவி அது. ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. யாருக்கு எந்த ஷிப்ட், எந்த வாடிக்கையாளர் புகார் சொன்னார், எத்தனை மணிக்குக் கூட்டம் என்று சில மாதம் சொன்னாய். பிறகு அதுவும் நின்றுவிட்டது. நீ கடைசியாக எப்போது கையுறை மாட்டினாய், வாணி? பதில் எனக்கு வேண்டாம். உனக்கு நீயே சொல்லிக்கொள்.

பேச்சு நிற்பதைப் பற்றி ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால் தாத்தாவால்தான். நீ பார்த்த தாத்தா சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தவர் வேறு ஆள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அரிசியா, மிளகா, ரப்பரா என்று தோளில் ஏறியவுடன் சொல்வார். எந்தக் கப்பலில் சரக்கை ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள், எதில் அடுக்கத் தெரியாமல் அடுக்கியிருந்தார்கள், கோணியில் கொக்கியைக் கிழியாமல் எப்படி மாட்டுவது என்று தினமும் கதை. நாங்கள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம்.

1972 ஜூன் 23ஆம் தேதி தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு 'நிஹோன்' என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களோடு வந்தது. தென்கிழக்காசியாவிலேயே முதல் கொள்கலன் துறைமுகம் என்று ஊரே பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், இந்த நாடு அதனால் சாப்பிட்டது. மூட்டையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டாலும் தாத்தாவை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. கொஞ்ச காலத்தில் கிடங்கு வாசலில் காவலுக்குப் போட்டார்கள். சம்பளமும் குறையவில்லை. கதைதான் நின்றது. "வேலை எப்படிப் போகிறது?" என்று பாட்டி கேட்டால் "எல்லாம் சரிதான்" என்பார். ஓய்வு பெறும்வரை அதே பதில். தூக்கிப் பழகிய தோள் அது. அதற்கு வேறு எதையும் கற்றுத்தர யாருக்கும் தோன்றவில்லை, கேட்கிற பழக்கம் அவருக்கும் இல்லை. குடிக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை, ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடவில்லை. ஆனாலும் எங்கள் கண் முன்னாலேயே தேய்ந்துபோனார். எனக்கு இன்றும் அது தாங்கவில்லை. அவர் சொன்ன அதே வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்கும்போது நான் எப்படித் தூங்குவேன், சொல்.

அவர் தூக்கிய மூட்டையை விழுங்கிய கொள்கலன் பெட்டியிலேயே நான் போய்ச் சேர்ந்தேன். கிரேன் கூண்டு பத்து மாடிக்கு மேலே இருக்கும். தரை கண்ணாடி. முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துத்தான் இறக்க வேண்டும், கழுத்துவலி அப்படி வந்ததுதான். பெட்டியைப் பிடித்துத் தூக்கும் ஸ்பிரெடர் சட்டத்தின் நான்கு மூலைப் பூட்டுகளும் பெட்டியின் நான்கு மூலைத் துளைகளில் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். காற்றடித்தால் பெட்டி ஊஞ்சலாக ஆடும். புதிதாக வருகிறவன் பயந்து பிடியைப் பின்னால் இழுப்பான், ஆட்டம் இன்னும் கூடும். எனக்குப் பழக்கிய மலாய்ப் பெரியவர் பின்னால் நின்றுகொண்டு, "அது போகிற பக்கமே நீயும் போ, அதன் தலைக்கு மேலே போய் நில்" என்பார். பெட்டி எட்டுகிற இடத்துக்கு, கிரேன் மேல் கூண்டோடு ஓடும் தள்ளுவண்டியை ஓட்டி நிறுத்தினால் ஆட்டம் செத்துவிடும். என் கைமேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. நானாக முதன்முறை ஒரு பெட்டியை ஆட்டமில்லாமல் பிரைம் மூவர் லாரி மேல் இறக்கியபோது கீழே இருந்த ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது, அது இன்னொரு பெட்டி. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சம்பளம் நேற்றைக்கு எவ்வளவோ அதேதான். நேற்றைக்கு வராத ஒன்று இன்றைக்குக் கைக்கு வந்துவிட்டது. வேலையில் வளர்வது என்று நான் கண்டது அதுதான். பதவி உயர்வு அதோடு சேர்ந்து வந்தால் நல்லது. தனியாக வந்தால், தாத்தாவைக் கிடங்கு வாசலில் உட்கார வைத்ததற்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்துக்கு மாற்றியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அங்கே கிடங்குத் திடல் கிரேன்களில் ஆள் ஏற வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவரே பல கிரேன்களைப் பார்க்கலாம். காற்று முகத்தில் படாமல் பெட்டியை இறக்குவதா என்று மனம் ஒப்பவில்லை. என் பாதி வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தேன். அவர்களுக்குத் திரை தெரியும், பெட்டியின் ஆட்டம் தெரியாது. எனக்கு ஆட்டம் தெரியும், திரை தெரியாது. மாற்றிக் கொடுத்துக்கொண்டோம். பிறகு புதியவர்களுக்குப் பழக்கும் வேலையைக் கொடுத்தார்கள். என் வேலைக்காலத்தின் நல்ல வருடங்கள் என்று அவற்றைத்தான் சொல்வேன். இப்போது துவாஸ் துறைமுகத்தில் பெட்டியை எடுத்துப்போகும் வண்டிக்கு ஓட்டுநரே இல்லை. 2024இல் சிங்கப்பூரில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 4 கோடிக்கும் மேல் கையாண்டார்கள். துவாஸ் முழுதாக முடிந்தால் அது ஒன்றே ஆண்டுக்கு 6.5 கோடி தாங்குமாம். எந்த வேலையும் நாம் சேர்ந்தபோது இருந்தபடி இருக்கப்போவதில்லை, மகளே. கற்றுக்கொள்கிற இடத்தில் நாம் இருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கூட மேசைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டால் இறங்கிப் போனதாக ஆகிவிடும் என்று நினைக்கிறாயா? யார் அப்படிச் சொல்வார்கள்? தேக்காவில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்குப் பாரமாக இருக்குமோ என்று அம்மா சொல்கிறாள். அப்படி என்றால் அதை இறக்கிவை. என் மகள் தண்ணீரைச் சோதிக்கிறாள் என்று சொல்லவும் எனக்கு அதே குரல்தான் வரும். புதியவர்களுக்குப் பழக்குகிற வேலை உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாயா? மேற்படிப்பு என்றால் அதையும் யோசி. பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று பட்டம் வாங்கியவள் நீ, உனக்குப் படிப்பு பயமில்லை. 40 வயதானவர்களுக்குப் படிக்க அரசு 2024இல் கொடுத்த 4,000 வெள்ளி உனக்குக் கிடையாது. ஆனால் 25 வயதானால் வருகிற, 2016இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளிக்குக் காலாவதி இல்லை. என்னுடையதை நான் கணினி வகுப்புக்குச் செலவழித்தேன், உன்னுடையது அப்படியே கிடக்கும் என்று நினைக்கிறேன். சின்னத் தொகைதான், தொடங்குவதற்கு ஆகும்.

ஆனால் வேலையை விடும் கடிதத்தைக் கோபத்தில் கொடுக்காதே. தூங்காத கண்ணோடு கொடுக்காதே. ஒருவேளை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதற்காக எங்கள் முன் நீ ஒளிந்து நடக்க வேண்டியதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான். பத்தாம் வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நேராக வந்து சொன்ன பிள்ளை, இப்போது சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு... சரி, விடு. பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்தது, சொல்லிப் பயனில்லை.

பணக் கணக்கை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு பார். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை, மசேநி என்கிற மத்திய சேமநிதியிலிருந்து போகிறது. சம்பளம் நின்றால் உன் 20 விழுக்காடும் முதலாளியின் 17 விழுக்காடும் நின்றுவிடும், தவணை நிற்காது. கணக்கில் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று பார்த்து எழுதிவை. குறைகிற மாதத்துக்கு நான் போடுகிறேன். எனக்கு மாதாமாதம் வருவதில் நானும் அம்மாவும் செலவழித்தது போக மிஞ்சுகிறது. கடன் என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் எழுதிக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. குட்டியைப் பாலர் பள்ளியிலிருந்து மாலையில் நான் அழைத்துவருகிறேன். எனக்கும் நடை ஆயிற்று, உனக்கும் வகுப்புக்கோ நேர்காணலுக்கோ போக நேரம் கிடைக்கும்.

மாப்பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் நல்ல பிள்ளை, வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வது அவருக்கு நியாயமில்லை. இந்த வாரமே நீயே சொல்லிவிடு. இரவு பேச்சை ஆரம்பிக்காதே, சனிக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டுப் பேசு. அன்றைக்குக் குட்டியை இங்கே விட்டுவிடு.

அன்புடன்,
அப்பா