தீப்பெட்டி தீராத வீடு

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். போன வாரம் முடிக்கக்கூட இல்லை, கட் பண்ணாமலே மேசையில் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. நானும் கண்ணாடி கையில் இல்லாததால் எதை அமுக்குவதென்று தெரியாமல் காதிலேயே வைத்திருந்தேன். அது கிடக்கட்டும்.

மருமகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? பாப்பாவுக்குப் பல் முளைக்கிற சமயம், ராத்திரி தூங்கவிடாது. நீயாவது எழுந்து கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொள்.

இங்கே ஒரே மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது. உன் யூனிபார்ம் ஞாபகம் இருக்கிறதா? சட்டையில் புகை வாசம் அடிக்கிறது என்று வகுப்பில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். அதற்கப்புறம் ராத்திரி அடுப்பு அணைந்து தணல் மட்டும் இருக்கிற நேரம் பார்த்து, உன் சட்டையை மடியில் வைத்து, சூடு பண்ணின சொம்பால் தேய்த்துத் தேய்த்துக் காயவைப்பேன். காலர் மட்டும் காயவே காயாது. நீ காலையில் எழுந்து போட்டுக்கொண்டு போவாய். அது எப்படிக் காய்ந்தது என்று நீ கேட்டதில்லை. குழந்தை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் இப்போது நீ குழந்தை இல்லையே.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நீதான் சொன்னாய், மலையில் தண்ணீர் நூறு டிகிரிக்குப் போகாது, 93, 94லேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு வேக நேரமாகிறது என்று. எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்து வீட்டு அத்தையிடம்கூடச் சொன்னேன். நீ சொல்வதற்கு முன்னாலும் நான் அந்தப் பருப்பை வேகவைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது வேறு விஷயம். குளிரில் மாவு புளிக்காது என்று அப்பாவுடைய பழைய கம்பளியைப் பானைக்குச் சுற்றி அடுப்போரம் வைப்பேன். கம்பளியைக் காணோம் என்று காலையில் அவர் சத்தம் போடுவார். இட்லியை ஒன்றும் சொல்லமாட்டார்.

செய்கிற வேலைகூடப் பெரிதில்லை தம்பி. நினைத்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அதுதான் ஆளைத் தின்றுவிடும். சிலிண்டர் என்றைக்குத் தீரும், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, அப்பத்தாவுக்கு மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு, மழைக்கு முன்னால் விறகை உள்ளே எடுத்தாயிற்றா. படுத்தாலும் தலைக்குள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நம் வீட்டில் தீப்பெட்டி தீர்ந்துபோய் நீ பார்த்திருக்கிறாயா? உப்பு இல்லை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அப்பாவுக்கு இன்றைக்கும் நம் வீட்டுத் தீப்பெட்டி தானாகவே நிறைந்துகொள்கிறது என்றுதான் நினைப்பு.

2019இல் நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். விளைவித்தது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. விதைப்பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டு, புழு விழாமல், அழுகாமல், கண் எரிய எரிய மாதக்கணக்கில் புகை காட்டியது யார் என்று பேப்பரில் வரவில்லை. அவ்வளவுதான்.

பேப்பர் என்றதும் இன்னொன்று. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னதே, புருஷன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தானாலும் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கு அதில் சமபங்கு உண்டு என்று. அப்பா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மேல்காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். காட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்! இருந்தாலும் நீதிபதி ஒருவர் உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார் என்பது நன்றாகத்தான் இருந்தது.

நீ வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தது, மிக்ஸி வாங்கிக் கொடுத்தது எல்லாம் எனக்குத் தெரியும். தவணை கட்டுகிறாய், பொறுப்பான பிள்ளை. இந்த ஊரில் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. மெஷின் துவைக்கும் தம்பி, துணியைப் பொறுக்கிப் போட்டு, காயவைத்து, மடித்து, உன் அலமாரியில் கொண்டுபோய் வைக்காது. நம் ஊர்க் குழந்தை வேலப்பர் கோவில் தேருக்குக்கூட நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் மருமகளை இரண்டு நாள் உட்காரவைத்து நான் சோறு போட்டிருப்பேன்.

உன் அப்பத்தா என்னை ஒரு தடவை கேட்டது: "வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு என்ன அலுப்பு?" நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். அந்தப் பேச்சு உன் காதில் விழுந்திருக்காது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா பாவம், அதன் மாமியார் அதனிடம் அப்படிப் பேசியிருக்கும். உனக்கு யார் அப்படிப் பேசினார்கள்?

சரி, விடு. அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன், எழுது. ராத்திரி பாப்பாவைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள் என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டுவரை வருகிற மாமாவிடம் ஒரு பை பூண்டு கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவார். பல் சின்னது, தோல் லேசில் வராது, நகக்கண் எரியும். அதை அவளிடம் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீயே உட்கார்ந்து உரி. குழம்புக்கு ஆகிற அளவுக்கு உரித்து முடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. பண்ணி, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போ. நாங்கள் பேச நேரமாகும்.

அம்மா
பூம்பாறை