எறும்பு கடிக்கிற மாதிரி தான் இருக்கும்னு சொல்ற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மகளிர் நல டாக்டர்களுக்கும், அவங்க சங்கத்துல பொறுப்புல இருக்கவங்களுக்கும், குழந்தையின்மை சிகிச்சை சென்டர் நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

இதுல எந்த ஆஸ்பத்திரி பேரையும் நான் எழுதல. எழுதினா "ஓ அங்கயா, அங்க அப்படித்தான்"னு சொல்லிட்டு மத்தவங்க எல்லாரும் தப்பிச்சுடுவீங்க. திருச்சி பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க.

போன ஞாயித்துக்கிழமை என் நாத்தனார் ஒரு சீட்ட எடுத்துட்டு வீட்டுக்கு வந்தா. கல்யாணமாகி மூணு வருஷம், டியூப் டெஸ்ட் எழுதி குடுத்திருக்காங்க. பீரியட்ஸ் வந்த எட்டாவது நாள் எச்எஸ்ஜி, அதாவது கர்ப்பப்பைக்குள்ள மருந்த ஏத்தி கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்கற எக்ஸ்ரே, முந்தின நாள்லேர்ந்து ஆன்டிபயாட்டிக், பணம் கட்டின ரசீது மறக்காம கொண்டு வரணும், வீட்டுக்காரரோட வரணும், எல்லாம் இருக்கு. வலிய பத்தி ஒரு வரி இல்ல. இவளா "வலிக்குமா சிஸ்டர்"னு கேட்டிருக்கா. "எறும்பு கடிக்கிற மாதிரி தான்மா இருக்கும், பயப்படாம வா"ன்னு பதில். அண்ணி உங்களுக்கும் எடுத்தாங்கல்ல, எப்படி இருந்துச்சுன்னு என்னை கேக்கறா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் இதே எறும்பு தான் டாக்டர். வேற ஆஸ்பத்திரி, வேற சிஸ்டர், அதே எறும்பு. உங்க எல்லாருக்கும் ஒரே இடத்துல ட்ரெயினிங் குடுக்கறாங்களோ என்னவோ.

அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம டீ போடறேன்னு கிச்சனுக்குள்ள போய் நின்னேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதே தெரியல.

டெஸ்ட் எப்படி பண்றதுன்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா அன்னிக்கு என் பக்கத்துலேர்ந்து அது எப்படி இருந்துச்சுன்னு நீங்க யாரும் கேக்கல, அதனால சொல்றேன். எக்ஸ்ரே ரூம் சில்லுன்னு இருந்துச்சு. பின்னாடி முடிச்சு போடற பச்சை கவுன்ல ஒரு நாடா அறுந்து போயிருந்தது, ஒரு கையால அத புடிச்சுகிட்டே தான் டேபிள்ல ஏறினேன். கால மடக்கி அகட்டி வைக்க சொன்னாங்க. உள்ள விரிச்சு பாக்கற ஸ்பெகுலம் கருவிய வச்சாங்க, சரி, அது ஏற்கனவே பழகினது தான். அப்புறம் கர்ப்பப்பை வாய ஒரு கொக்கி மாதிரி இடுக்கியால புடிச்சாங்க பாருங்க, "இப்ப புடிக்க போறேன்மா"ன்னு ஒரு வார்த்தை இல்ல, எனக்கு கண்ணெல்லாம் இருட்டிகிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் மருந்த ஏத்த ஆரம்பிச்சாங்க. அடிவயித்துக்குள்ள கைய விட்டு ஈரத்துணிய புழியற மாதிரி, அது அப்படியே தொடைக்கு இறங்குது, முதுகுக்கு போகுது, அந்த குளிர்லயும் உள்ளங்கை வேர்க்குது. நிறுத்துங்கன்னு சொன்னேன். "அசையாத, படம் சரியா வராது, திரும்ப எடுக்கற மாதிரி ஆகிடும்"னாங்க. மறுபடியும் நிறுத்துங்கன்னு தான் சொன்னேனா இல்ல அம்மான்னு கத்திட்டேனா, இப்ப யோசிச்சா ஞாபகம் வரல. அப்ப அந்த சிஸ்டர், கோவமா கூட இல்ல, சும்மா பேச்சுக்கு சொல்ற மாதிரி சொன்னாங்க, "இதுக்கே இப்படி கத்துனா நாளைக்கு பிரசவத்துக்கு என்னம்மா பண்ணுவ?"

அந்த பிரசவம் ஒண்ணு நடந்துடாதான்னு தானங்க நாலு வருஷம் அலைஞ்சு அந்த டேபிள்ல வந்து படுத்திருக்கேன்.

வெளில வந்து பெஞ்சுல உக்காந்தேன். ஹேண்ட்பேக்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு போயிருந்தேன், வாங்கி கர்சீப் தேடினப்ப கையில ஒரு மெஃப்டால் ஸ்பாஸ் அட்டை தட்டுப்பட்டுச்சு. மாசா மாசம் பீரியட்ஸ் வலிக்கு போடறது, அட்டையில இன்னும் அஞ்சு மாத்திரை மீதி இருந்துச்சு. வரும்போது ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிட்டுட்டு ஒரு வலி மாத்திரை போட்டுட்டு வாம்மான்னு ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தா போதும். நான் உள்ள கத்திட்டு இருக்கேன், மாத்திரை கதவுக்கு வெளில அவர் மடியில இருக்கு. அந்த வலி எப்படி இருந்துச்சுன்னு இப்ப கேட்டா கொஞ்சம் யோசிச்சு தான் சொல்லணும், அந்த அட்டை அப்படியே கண்ணுல நிக்குது.

அதோட முடிஞ்சிருந்தா நானும் போகட்டும்னு விட்டிருப்பேன். ரிப்போர்ட் வந்துச்சு, ரெண்டு பக்கமும் கார்னுவல் பிளாக்னு, அதாவது கர்ப்பப்பையிலேர்ந்து டியூப் ஆரம்பிக்கிற இடத்துலயே அடைப்புன்னு. மூணு மாசம் எங்க வீட்டுல யாரும் சத்தமா பேசிக்கல. மாமியார் நல்லவங்க, என்னை ஒரு வார்த்தை சொல்லல, ஆனா சமயபுரத்துக்கு நேர்ந்துகிட்டாங்க, அது தெரிஞ்சப்ப ஒரு வார்த்தை திட்டியிருந்தா கூட பரவால்லன்னு தோணுச்சு. அப்புறம் லேப்ராஸ்கோபி, அதுக்கு என் வளையல் ரெண்டும் அடகுக்கு போச்சு. மயக்கம் குடுத்து, வயித்துல ஓட்டை போட்டு, சாயத்த விட்டு பாத்தா ரெண்டு டியூபும் நல்லா தொறந்து தான் இருக்கு, தாராளமா போகுது. "அன்னிக்கு பயத்துல ஸ்பாசம் ஆகியிருக்கும்மா, சில பேருக்கு அப்படி ஆகறது தான்"னு டாக்டர் சொன்னாங்க. மாரியாத்தா அடைப்ப எடுத்துட்டான்னு மாமியார் போய் பொங்கல் வச்சாங்க. இல்லாத அடைப்ப எடுத்த பெருமை ஆத்தாளுக்கு, நான் எதுக்கு குறுக்க நிக்கணும், பிரசாதத்த வாங்கி சாப்பிட்டேன்.

ஆனா "அப்படி ஆகறது தான்"ங்கிறது எனக்கு பொறுக்கல டாக்டர். டியூப் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கற தசை இறுகிகிட்டா மருந்து போகாது, படத்துல அது அடைப்பு மாதிரியே தெரியும்னு உங்க பாடத்துலயே இருக்காம். வலியும் பயமும் அதுக்கு ஒரு காரணம்னும் இருக்காம். அப்ப வலிக்கு மருந்து குடுக்கறது என் மேல பரிதாபப்பட்டு பண்ற தர்மம் இல்லையே, உங்க டெஸ்ட் சரியா வரணும்னாலே அது வேணுமே. எல்லா பிளாக்கும் ஸ்பாசம்னு நான் சொல்ல வரல, என்னோடது ஸ்பாசம், அதுக்கு விலை வயித்துல மூணு தழும்பு.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. டேபிள்ல ஏத்தறதுக்கு முன்னாடி, வலிக்கு என்னென்ன வழி இருக்குன்னு சொல்லி, உனக்கு எது வேணும்னு கேளுங்க. அவ்வளவு தான்.

வழியே இல்லன்னா நான் கேக்க மாட்டேன். முன்கூட்டியே போடற மாத்திரை இருக்கு, அல்சர் ஆஸ்துமா இருக்கவங்களுக்கு எது ஒத்துக்கும்னு நீங்க தான் பாத்து சொல்லணும். கர்ப்பப்பை வாயில மரத்துப்போக வைக்கற லிக்னோகெய்ன் ஜெல்லியோ ஸ்ப்ரேயோ போடலாம், இல்ல சுத்தி ஊசி போட்டு மரத்துப்போக வைக்கலாம், அந்த ஊசியும் வலிக்கும்னு சொல்லிட்டே போடுங்க, தப்பில்ல. மருந்து ஏத்தறதுக்கு இரும்பு கேனுலா குழாயும் இடுக்கியும் தான் வேணும்னு இல்ல, மெல்லிசான பலூன் கதீட்டர் குழாய் வச்சும் பண்றாங்க. மருந்த உடம்பு சூட்டுக்கு கொண்டு வந்து மெதுவா ஏத்தினாலே சில பேருக்கு பரவால்லயாம். ரொம்ப பயப்படறவங்களுக்கு, பரிசோதனைன்னாலே உடம்பு இறுகிக்கறவங்களுக்கு, வெளிய சொல்ல முடியாத பழைய காரணம் ஏதாவது மனசுல வச்சிருக்கவங்களுக்கு, மயக்க டாக்டர வச்சு லேசா தூங்க வச்சு பண்ண முடியுமான்னு பாக்கலாம், பட்டினியா வரணும், செலவு கூட ஆகும், அதையும் சொல்லிடுங்க, முடிவு அவ எடுத்துக்கட்டும். இதெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காதுன்னு எனக்கும் தெரியும். வலியே வராதவங்களும் இருக்காங்க, எங்க ஆபிஸ்ல ஒரு அக்கா இதே டெஸ்ட எடுத்துட்டு நேரா பஸ் ஏறி வேலைக்கு வந்து டிபன் பாக்ஸ தொறந்தாங்க. யாருக்கு எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரியாதுங்கறதுனால தான கேளுங்கன்னு சொல்றேன்.

பல்லு புடுங்க போனா மரத்துப்போற ஊசி போடாம கொறட்டால தொட மாட்டாங்க. இங்க மட்டும் பொறுத்துக்கணும். சரி, என் வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, அதையும் சொல்லிடறேன். தனி ரூம், உள்பக்கம் தாழ்ப்பாள், ஏசி, "டென்ஷன் ஆகாதீங்க சார், அவசரமே இல்ல, இங்க முடியலன்னா வீட்டுலேர்ந்தே கொண்டு வரலாம், அரை மணி நேரத்துல குடுத்துட்டா போதும்". டென்ஷன் இருந்தா சாம்பிள் சரியா வராதாம். அவருக்கு டென்ஷன் வந்தா ரிசல்ட் மாறும்னு ஆஸ்பத்திரிக்கே தெரியுது, எனக்கு வந்தா மாறாதாங்க?

அந்த டெஸ்ட் முடிஞ்ச ராத்திரி தூக்கம் வராம போன்ல தேடிட்டு இருந்தேன். நீங்க தினம் கையில எடுக்கற சிம்ஸ் ஸ்பெகுலம், அந்த சிம்ஸ்ங்கற அமெரிக்க டாக்டர் 1845லேர்ந்து 1849 வரைக்கும் அலபாமாவுல அடிமைப் பொண்ணுங்க மேல மயக்க மருந்து இல்லாம ஆபரேஷன் பண்ணி பண்ணி பழகினவராம். அனார்க்கான்னு ஒரு பொண்ணுக்கு மட்டும் முப்பது தடவை கிட்ட. ஈதர் மயக்க மருந்த 1846லயே பாஸ்டன்ல ஊரறிய செஞ்சு காட்டியாச்சு. நியூயார்க்ல அவருக்கு இருந்த சிலைய 2018ல எடுத்துட்டாங்க. கருவிய மாத்துங்கன்னு நான் சொல்லல, வலிய கண்டுக்காத பழக்கத்த தான் சொல்றேன். எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

இப்ப வெளிநாட்டுல நிலைமை மாறுது. பிரிட்டன்ல மகப்பேறு டாக்டர்களோட ராயல் காலேஜ், மயக்கம் குடுக்காம பண்ற ஹிஸ்டரோஸ்கோபிக்கு, அதான் கர்ப்பப்பைக்குள்ள கேமரா விட்டு பாக்கறதுக்கு, முன்னாடி வலி நிவாரணத்த பத்தி பேசி முடிவு பண்ணணும்னு 2023ல எழுதி வச்சிருக்கு, அதுவும் வலியில துடிச்ச பொண்ணுங்க வருஷக்கணக்கா கத்தினதுக்கு அப்புறம் தான். அமெரிக்காவுல காப்பர் டி மாதிரி சாதனம் வைக்கறதுக்கு முன்னாடி வலி வரும்னு சொல்லி, அதுக்கு என்ன பண்ணலாம்னு பேசணும்னு அந்த நாட்டு அரசோட சுகாதார அமைப்பான சிடிசி 2024ல சொல்லியிருக்கு. நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்ல. பரிசோதனைக்குன்னு மயக்கம் குடுத்த பொண்ணுக்கு அவ சம்மதம் இல்லாம கர்ப்பப்பைய எடுத்த வழக்குல, சமீரா கோலி வழக்கு, 2008ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, என்ன பண்ண போறோம், என்ன ஆபத்து, வேற வழி என்ன இருக்குன்னு விளக்கி வாங்கறது தான் சம்மதம்னு. நான் கையெழுத்து போட்ட பேப்பர்ல என் பேரு கூட நர்ஸே எழுதிட்டாங்க, நான் போட்டது அடியில ஒரு கிறுக்கல். படிக்க டைம் இல்ல, பின்னாடி லைன் நின்னுச்சு.

லைன் நிக்குதுங்கறது எனக்கு புரியாம இல்ல. நீங்க ஒபில எத்தனை பேர பாக்கறீங்க, எப்ப சாப்பிடறீங்கன்னு எல்லாம் நான் உக்காந்து பாத்திருக்கேன். அரசு ஆஸ்பத்திரில இருக்கவங்களுக்கு இன்னும் கஷ்டம். ஆனா வலிக்கு இந்தந்த வழி இருக்கு, உனக்கு எதும்மா வேணும்னு கேக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா. சீட்டுல ரசீது கொண்டு வரணும்னு அச்சடிக்க இடம் இருக்கு, அதுக்கு கீழ வலி மாத்திரைய பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கவும்னு ஒரு வரிக்கும் இடம் இருக்கும். நிறுத்துன்னா நிறுத்துவோம்னு முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா, பாதி பேரு நிறுத்தவே சொல்ல மாட்டோம், அந்த தைரியத்துலயே படுத்திருப்போம். அந்த எறும்பயும் தயவு செஞ்சு விட்டுடுங்க. வலிக்கலாம், சில பேருக்கு நல்லாவே வலிக்கும், நாங்க பாத்துக்கறோம்னு சொல்லுங்க, நாங்க பயந்து ஓடிட மாட்டோம். புள்ள வேணும்னு வந்தவங்க எங்க ஓடப்போறோம்.

கோவத்துல ஏதாவது கூட பேசியிருந்தா பொறுத்துக்கங்க. உங்கள்ல நிறைய பேரு இதெல்லாம் ஏற்கனவே பண்றீங்கன்னும் தெரியும், அவங்களுக்கு என் நன்றி.

நாத்தனாருக்கு வர்ற வியாழக்கிழமை, காலைல பதினோரு மணிக்கு. எனக்கு நடந்தத அவகிட்ட மறைக்காம சொல்லிட்டேன், அழுதா, அப்புறம் ஒரு பேப்பர எடுத்து கேள்வியா எழுத ஆரம்பிச்சா. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு போடணும், ஜெல்லி உண்டா, நிறுத்த சொன்னா நிறுத்துவீங்களா. நாலு கேள்வி. டேபிள்ல ஏறறதுக்கு முன்னாடி அந்த பேப்பர நீட்டுவா, தயவு செஞ்சு வாங்கி படிச்சு பதில் சொல்லுங்க. அவ கைய புடிச்சுகிட்டு பக்கத்துல நிக்க நானும் வரேன், எனக்கு எக்ஸ்ரே படாம இருக்க போடற ஒரு லெட் ஏப்ரன் மட்டும் எடுத்து வைங்க. கர்ப்பமா இருக்கியாம்மான்னு என்னை கேட்டுட்டு தான் உள்ள விடுவீங்கன்னு தெரியும், இல்லங்க, இன்னும் இல்ல.

இப்படிக்கு,
அன்னிக்கு டேபிள்ல கத்துன ஒருத்தி