தள்ளுபடி இருக்கட்டும், கிலோ என்ன விலை என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வாராவாரம் வரும் விருதுநகர் சந்தை நிலவரத்தை விடாமல் படிக்கிறவள் நான். துவரம் பருப்பு மூடை என்ன விலை, உளுந்து ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, நல்லெண்ணெய் டின் எவ்வளவு, வத்தல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பக்கங்களுக்குப் போவேன். அப்பா திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார், அந்தப் பழக்கம். இப்போது அந்தக் கடை இல்லை. நானும் எல்லோரையும் போல மாதச் சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறேன். அங்கே கம்பெனி பாக்கெட்டை எடுப்பதா, கடையே தன் பெயரைப் போட்டு விற்கும் பாக்கெட்டை எடுப்பதா என்று ஒவ்வொரு மாதமும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பில் போட்டபோது அடியில் "இன்று நீங்கள் சேமித்தது 640 ரூபாய்" என்று வந்தது. வீட்டுக்கு வந்து சாமான்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த 640-ல் முக்கால்வாசி கடையின் சொந்தப் பாக்கெட்டுகளில் இருந்துதான் வந்திருந்தது. துவரம் பருப்பை மட்டும் சொல்கிறேன். கடை பாக்கெட் ஒரு கிலோ எம்ஆர்பி 236 ரூபாய், எனக்குப் போட்டது 142. பக்கத்தில் இருந்த கம்பெனி பாக்கெட் எம்ஆர்பி 168, விற்ற விலை 149. பில் கணக்குப்படி கடை பாக்கெட் எடுத்ததால் எனக்கு 94 ரூபாய் லாபம், கம்பெனி பாக்கெட் எடுத்திருந்தால் 19 ரூபாய்தான் லாபம். ஆனால் என் கையில் இருந்து போகும் பணத்தில் வித்தியாசம் 7 ரூபாய். அவ்வளவுதான்!

எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசா கூட வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, நல்லது. ஆனால் ஒரு பருப்புப் பாக்கெட்டுக்கு எம்ஆர்பி எவ்வளவு வரை போடலாம் என்பதற்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. கம்பெனி பாக்கெட் என்றால் எம்ஆர்பியை எழுதுபவர் ஒருவர், தள்ளுபடி கொடுக்கும் கடைக்காரர் வேறொருவர். கடையின் சொந்தப் பாக்கெட்டில் இரண்டையும் எழுதுவது ஒரே கை. 142-க்கு விற்கப்போகும் சரக்குக்கு 236 என்று அச்சடித்து, பிறகு அதை வெட்டி விட்டு "40 சதவீதம் தள்ளுபடி" என்று மஞ்சள் அட்டை மாட்டினால், அந்த 236 யாருக்கும் எப்போதும் விற்காத விலை. என்னைப் பொறுத்தவரை இது சரியில்லை. பருப்பு நன்றாகவே இருந்தாலும் சரியில்லை.

இதைப் படித்துவிட்டு நான் கடை பாக்கெட்டுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. கம்பெனி பெயர் இல்லாத மஞ்சள்தூளை அத்தை அடுப்படிக்குள் விடமாட்டார். மகனோ "எல்லாம் ஒரே மில்லு சரக்குதாம்மா, பேருக்குத்தான் காசு" என்பான். அப்பா கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்து வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேரும் பாதிதான் சரி.

கடை பாக்கெட் விலை குறைவாக இருக்க நியாயமான காரணம் இருக்கிறது. டிவி விளம்பரம் இல்லை, ஸ்டாக்கிஸ்ட் கமிஷன் இல்லை, ஆர்டர் எடுக்க வரும் பையனுக்குச் சம்பளம் இல்லை. மில்லில் இருந்து நேராகக் கடைக்கு வருகிறது. அப்பா கடையிலும் இதேதான். கம்பெனி சோப்பு, பிஸ்கட்டில் அவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மூடையாக வாங்கி நிறுத்துப் போடும் பருப்பிலும் புளியிலும்தான் கடை ஓடியது. பெரிய கடைகளும் கண் மட்டத்தில் தங்கள் பாக்கெட்டை அடுக்கி வைப்பது அந்த லாபத்துக்காகத்தான், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

சர்க்கரை, உப்பு, ரவை, மைதா இதிலெல்லாம் நான் பெயரே பார்ப்பதில்லை. சர்க்கரை எந்தப் பெயரில் வந்தாலும் ஆலைச் சர்க்கரைதான், பருமனிலும் நிறத்திலும்தான் வித்தியாசம். உப்பில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் நம் கைக்கு வரும்போது அயோடின் குறைந்தது 15 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 15 பங்கு) இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் நம் அரசு உப்புக் கழகம் எடுக்கும் உப்பு ரேஷன் கடையில் கிடைக்கிறது, வருஷக்கணக்காக அதைத்தான் சமைக்கிறோம், ஒரு குறையும் இல்லை. மிளகு, சீரகம், கடுகு போல முழுசாக இருக்கும் சாமானும் கண்ணால் பார்த்து எடுத்துவிடலாம்.

பருப்பு அப்படி இல்லை. இங்கேதான் நான் ஏமாந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு கடையின் சொந்தப் பாக்கெட் துவரம் பருப்பு, பேக் செய்த தேதி பார்த்தால் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கிறது, பார்க்க மஞ்சளாக அழகாக இருக்கிறது. குக்கரில் ஐந்து விசில் விட்டும் வேகவில்லை, மறுநாள் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் போட்டும் தண்ணீர் வேறு பருப்பு வேறாக நின்றது. பழைய சரக்கு. பாக்கெட்டில் இருக்கும் தேதி பையில் போட்ட நாள்தான், பருப்பு விளைந்த நாளோ மில்லில் உடைத்த நாளோ இல்லை. ஒரு வருஷம் கிடங்கில் கிடந்த பருப்பை நேற்று பையில் போட்டாலும் நேற்றைய தேதிதான் வரும். கம்பெனி பாக்கெட்டுக்கும் இதே விதிதான், ஆனால் வருஷக்கணக்காகப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய கம்பெனி கொள்முதலில் கொஞ்சம் பயப்படும் என்பது என் அனுபவம். கடைக்குக் கொண்டுபோனேன், மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் பருப்பு எங்கே உடைத்தது என்று கேட்டதற்கு அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒரு மூடை இறக்குவதற்கு முன் நாலு பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார், குண்டு வத்தலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். பாக்கெட்டில் நமக்கு அந்த வழி இல்லை, அதனால்தான் லேபிள் முக்கியமாகிறது.

லேபிளில் நான் பார்ப்பது இரண்டு மூன்று விஷயம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிமம் 14 இலக்க எண். கடை பாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும், ஒன்று கடையுடையது, இன்னொன்று உண்மையில் தயாரித்த அல்லது பேக் செய்த இடத்தினுடையது. அந்த முகவரியையும் பக்கத்தில் இருக்கும் கம்பெனி பாக்கெட்டின் முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். சில சமயம் இரண்டும் ஒரே ஊர், ஒரே ஆலை. அப்போது மகன் சொன்னது சரி. ஆனால் ஒரே ஆலை என்றாலும் ஒரே தரம் என்று அர்த்தம் இல்லை, யார் எந்த விலைக்குக் கேட்கிறார்களோ அந்த ரகத்தைத்தான் மில்காரர் போடுவார்.

அரைத்தது, கலந்தது எல்லாவற்றிலும் சேர்மானம் எழுதியிருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டாவது படித்துவிட வேண்டும். எது அதிகமோ அது முதலில் வரும் என்பது விதி. பெருங்காயத்தை எடுங்கள். நாம் வாங்கும் தூள் கூட்டுப் பெருங்காயம், அதில் கோதுமை மாவோ மைதாவோ கருவேலம் பிசினோ சேர்ந்துதான் வரும். ஆனால் முதலில் எழுதியிருப்பது மாவா, காயமா என்று பார்த்தால் விலை வித்தியாசத்துக்குக் காரணம் புரிந்துவிடும். காபித்தூள் இன்னும் தெளிவு. சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு சேர்த்திருக்கிறது என்றும் போட்டே ஆக வேண்டும். 80க்கு 20 கலந்த கம்பெனித் தூளையும் 53க்கு 47 கலந்த கடைத் தூளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து "இது மலிவு" என்றால், காபிக்குப் பதில் சிக்கரி வாங்குகிறோம் என்றுதான் அர்த்தம். எண்ணெயில் எனக்கு நேர்ந்தது கம்பெனி பாக்கெட்டில். முன்பக்கம் பெரிதாக நிலக்கடலைப் படம், பின்பக்கம் கடலை எண்ணெய் 20 சதவீதம், மீதி தவிட்டெண்ணெய். அதனால் பெயர் பெற்ற பாக்கெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று அத்தையிடமும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பார் பொடி விஷயத்தில் மட்டும் அத்தை பக்கம்தான் நான், நாக்குக்குப் பழகிய மணம் மாறினால் சாப்பாடு இறங்காது, பத்து ரூபாய் கூடப் போனாலும் போகட்டும்.

வரியால்தான் கம்பெனி சரக்கு விலை கூடுதல் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், அது பழைய கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு செய்த பிராண்ட் பெயர் போட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு மட்டும்தான் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லேபிள் ஒட்டி பேக் செய்து 25 கிலோவுக்குள் இருந்தால் 5 சதவீதம். 25 கிலோவாக இருந்த அரிசிச் சிப்பம் பல இடங்களில் 26 கிலோவாக மாறியது அதனால்தான். ஆக, கம்பெனி பாக்கெட்டுக்கும் கடை பாக்கெட்டுக்கும் வரி ஒன்றுதான், தெருமுனை அண்ணாச்சி மூடையில் இருந்து நிறுத்துப் போடுவதற்குத்தான் வரி இல்லை. பருப்புக்கும் அரிசிக்கும் நான் பாதி மாதம் அவரிடம்தான் போகிறேன், ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து வாங்க முடிகிறதே.

அப்புறம் எடை. முன்பெல்லாம் எண்ணெய், மாவு போன்றவற்றை இன்ன அளவில்தான் பேக் செய்ய வேண்டும் என்று அட்டவணை இருந்தது. அது எடுக்கப்பட்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றாகிவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். இப்போது 850 கிராம், 800 கிராம் என்றெல்லாம் பாக்கெட் வருகிறது, பார்வைக்கு எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். அதற்கு மாற்றாகத்தான் கிராமுக்கு எவ்வளவு, மில்லிக்கு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதி. ஆனால் அந்தக் கணக்கு எம்ஆர்பியை வைத்துப் போடுவது. நான் மேலே சொன்ன 236 ரூபாய்ப் பாக்கெட்டுக்கு அந்தக் கணக்கில் கிலோ 236 என்றுதான் வரும், கம்பெனி பாக்கெட்டுக்கு 168 என்று வரும். இரண்டையும் ஒப்பிட்டால் கம்பெனி பாக்கெட்தான் மலிவு என்று தோன்றும், பில்லைப் பார்த்தால் கடை பாக்கெட்டில் 94 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஒன்றும் உண்மை இல்லை.

என் தங்கை மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே 2009 முதல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அலமாரி விலைச் சீட்டில், விற்கும் விலைக்குக் கீழேயே 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பினாள். கடையின் சொந்த ஓட்ஸ், கம்பெனி ஓட்ஸ், சிறிய பாக்கெட், பெரிய பாக்கெட் எல்லாம் வரிசையாக இருக்கிறது, எது மலிவு என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. எந்தப் பெயரை எடுப்பது என்று யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. இங்கே விலைச் சீட்டு எப்படியும் கம்ப்யூட்டரில் அடித்துத்தான் ஒட்டுகிறார்கள், கூட ஒரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

அதனால் எடையளவுச் சட்டத்தைப் பார்க்கும் துறைக்கும் கடை நடத்துபவர்களுக்கும் உங்கள் மூலமாகக் கேட்கிறேன். விற்கும் விலையில் கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று அலமாரிச் சீட்டில், தமிழில், பாட்டிமார் கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதுங்கள். கடையின் சொந்தப் பாக்கெட்டை இதுவரை என்ன விலைக்கு விற்றீர்களோ அதில் இருந்து குறைத்தால் மட்டும் தள்ளுபடி என்று சொல்லுங்கள். பில்லின் அடியில் வரும் அந்தச் "சேமித்தது" வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சொந்தப் பாக்கெட்டுகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாசகர்களுக்கும் ஒன்று, லேபிளும் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் சும்மா இருக்காமல் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விருதுநகர் மொத்த விலைக்குப் பக்கத்திலேயே, கடைகளில் அதே பருப்பும் உளுந்தும் எண்ணெயும் கிலோ என்ன விலைக்கு விற்கிறது, கம்பெனி பாக்கெட் எவ்வளவு, கடை பாக்கெட் எவ்வளவு, சில்லறை எவ்வளவு என்று மாதம் ஒரு முறையாவது போடுங்கள். மதுரையில் மூன்று கடைகளின் விலையை ஜனவரியில் இருந்து நோட்டில் எழுதி வருகிறேன். கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
மதுரை