பூப்பந்துக்கு ஓர் இடம் விடுங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், தஞ்சைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்குப் பின்னால், வேப்பமரங்களுக்கு நடுவே எங்கள் பூப்பந்துக் களம் (பால் பேட்மின்டன், ஷட்டில் அல்ல) இருந்த இடத்தில் சிமென்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். காவலாளியிடம், "இங்கே ஒரு கோர்ட் இருந்ததே?" என்று கேட்டேன். "கோர்ட்டா? அது பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்தது 1974-இல். கிரிக்கெட் அணியில் டவுன் பையன்கள்தான் இருந்தார்கள். வெள்ளை பேண்ட்டும் கான்வாஸ் ஷூவும் சொந்தமாக வைத்திருந்தவர்கள். எங்களைப் போலத் தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்தவர்களுக்குப் பூப்பந்துதான் வாய்த்தது. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஒரு மண் தரை. இரண்டு கம்பம், ஒரு வலை, சுண்ணாம்புக் கோடு. மட்டை கல்லூரியுடையது, கால் நம்முடையது. அணிக்கு ஐந்து பேர்: முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். நான் ஓர் ஆண்டு முழுக்கக் களத்துக்குத் தண்ணீர் தெளித்தேன். அப்புறம்தான் பின்வரிசையில் நிற்க விட்டார்கள்.

அந்த மஞ்சள் கம்பளிப் பந்து 30 கிராம்கூட இருக்காது. கொஞ்சம் காற்றடித்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் ஆட்டம். மார்கழியில் பனியில் நனைந்து கனத்துப்போகும். மெஸ் அடுப்போரம் காயவைப்போம். சாம்பாரில் கம்பளி நூல் கிடந்ததாக ஒருநாள் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மட்டையைச் சாய்த்து 'கட்' பண்ணத் தெரிந்தவன் அடித்தால், பந்து வலையைத் தாண்டியதும் அப்படியே செத்து விழும். எங்கள் நடு ஆட்டக்காரனுக்கு அது வரும். எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அணியில் இருப்பவர்களுக்கு மெஸ்ஸில் ஒரு முட்டை கூடுதல். மெஸ் செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளும் டிவைடிங் சிஸ்டம் என்பதால் அந்த முட்டைக் காசு எல்லார் தலையிலும் விழும். ஆகவே நாங்கள் தோற்று வந்தால் விடுதியே முட்டைக்குக் கணக்குக் கேட்கும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல்தானே வந்தது? அதுவரை நாங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். ஒரே ஒருமுறை சென்னைக்கு ஆடப் போனோம். ராத்திரி முழுக்க மீட்டர் கேஜ் பாசஞ்சரில் தூங்காமல் போய், காலையில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். கணக்குக் கேட்டவர்களிடம் ரயிலைத்தான் காரணம் சொன்னோம்.

'ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கு எதற்குச் செலவு?' என்று நீங்கள் கேட்கலாம். கபடியும்தான் ஒலிம்பிக்கில் இல்லை. 1856-இலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் இது என்று சொல்வார்கள். 1970-இல் ஜெ. பிச்சையா இதற்காக அர்ஜுனா விருது வாங்கினார். அவர் ஆந்திரக்காரர், ஆனால் எங்கள் விடுதியில் அவர் பெயர் தெரியாதவன் கிடையாது. இறகுப்பந்துக்கு, அதாவது ஷட்டிலுக்கு, உள்ளரங்கம் கட்டுகிறீர்கள். நல்லது, கட்டுங்கள். ஆனால் மாலையில் அதன் கதவு பூட்டியிருக்கிறது, சாவி அலுவலகத்தில் இருக்கிறது. எங்கள் களத்துக்குக் கதவே கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவனைக்கூட ஆள் குறைந்தால் உள்ளே இழுத்துவிடுவோம்.

அந்த சிமென்டைப் பெயர்க்கச் சொல்லவில்லை. உங்கள் வளாகத்தில் புல் மண்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு மூலையில் 24-க்கு 12 அளந்து விடுங்கள், போதும். வலைக்கும் முதல் இரண்டு டஜன் பந்துக்கும் எங்கள் பழைய அணியில் மிச்சமிருக்கும் மூன்று பேர் பணம் தருகிறோம். சரி, முட்டை செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசை வலதுபக்கம் ஆடியவன்