கதவோர ஸ்டிக்கரைப் படித்துக் காட்டிவிட்டு விற்பனை செய்யுங்கள்

பிக்கப் டிரக் விற்பவர்களுக்கும், டிரக்கின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான டிராவல் டிரெய்லர் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் வணக்கம்.

டாலஸ் பக்கத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். போன வசந்தத்தில் உங்களில் ஒருவரிடம் ஒரு டிரெய்லர் வாங்கினேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளிலும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது: "உங்க டிரக் 11,000 பவுண்டு இழுக்கும். இந்த டிரெய்லர் வெறும் 5,700. தாராளமா போலாம்." என்ன டிரக் என்று கேட்டார்கள். எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற என் டிரக்கின் கதவைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். என் டிரக்கில் அந்த எண் 1,410. டிரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் என்ற கொக்கி மேல் உட்காரும் எடை, நீங்கள் டங் வெயிட் என்கிறீர்களே, அதுவும் இந்த 1,410-க்குள்தான் அடங்க வேண்டும். இதை யாராவது அன்றைக்கே ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த மடலுக்கு வேலையே இல்லை.

ஜூன் மாதம் கொலராடோ கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நாமக்கல்லிலிருந்து வந்திருந்த அம்மா. மலையில் பனியைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்காக முன் சீட்டை அவருக்குக் கொடுத்திருந்தோம். 287-ஆம் நெடுஞ்சாலையில் சில்ட்ரஸ் தாண்டும்போது இருட்டிவிட்டது. எதிரே வந்தவர்கள் ஒருவர் விடாமல் லைட்டை அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் வைத்திருந்தேன். பின்பக்கம் அமுங்கி, டிரக்கின் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கக் காற்று வேறு. பெரிய லாரி ஒன்று கடந்துபோனபோது டிரெய்லர் வாலை ஆட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை, அமரில்லோ போய்ச் சேரும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அங்கே லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் தராசில் ஏற்றினேன். அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "எடை மேடையா கண்ணு?" என்றார். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எடை மேடை என்றால் என்ன என்று அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு வந்தது. டிரக்கின் சக்கரங்கள் மேல் மட்டும் 7,380 பவுண்டு. டிரக்கும் அதன் மேல் ஏறிய சுமையும் சேர்ந்து போகலாம் என்று எழுதியிருப்பது 7,050. ஹிட்ச்சின் கம்பிகள் கொஞ்சம் எடையை டிரெய்லர் அச்சுப் பக்கம் தள்ளிவிட்ட பிறகும் 330 பவுண்டு கூடுதல்.

"ஓவர்லோடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்ப எதை எறக்கறது? நான் வேணா பஸ்ஸுல வந்தர்றேன் கண்ணு."

பெற்ற தாய் தன்னைச் சுமையாக எண்ணி இறங்கட்டுமா என்று கேட்டதை ஒரு மகன் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது? அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

கடைசியில் வாடகைக் கார் எடுத்தோம். மனைவி ஓட்ட, அம்மாவும் பிள்ளைகளும் அதில் ஏறிக்கொண்டார்கள். நான்கு பேருக்கு 430 பவுண்டு. அவர்கள் இறங்கிய பிறகுதான் என் டிரக் கணக்குக்குள் வந்தது. ரேட்டன் கணவாய் ஏறும்போது அம்மா பார்த்தது மலையை அல்ல, முன்னால் போன எங்கள் டிரெய்லரின் முதுகை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் கையேட்டில் என் டிரெய்லரின் டங் வெயிட் 620 என்று இருக்கிறது. அது தொழிற்சாலை வாசலில் வெறும் பெட்டியாக நிற்கும்போது உள்ள எடை. நிரம்பிய இரண்டு கேஸ் சிலிண்டரும் இரண்டு பேட்டரியும் வைத்தால் அதுவே 180 பவுண்டு பக்கம். இரண்டுமே மூக்கின் மேல்தான் உட்காருகின்றன. தண்ணீர் 40 கேலன் பிடித்தால் 330 பவுண்டு. பாத்திரம், துணி, படுக்கை எல்லாம் ஏறி டிரெய்லர் 7,000-ஐத் தொட்டது. அதில் 13 சதவீதம் ஹிட்ச் மேல் என்றால் 910. ஹிட்ச் சாதனமே 90. நாங்கள் ஐந்து பேர் 610. பின்னால் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு 190. ஆக மொத்தம் 1,800. என்னிடம் இருந்ததோ 1,410.

மூக்கில் எடையைக் குறைத்து வைத்தால் போயிற்று என்று ஒருவர் சொன்னார். பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் ஆடும் என்பது உங்களுக்குத் தெரியாதா? பின் ஸ்பிரிங்கோடு ஏர் பேக் என்ற காற்றுப் பை மாட்டுங்கள் என்றார் இன்னொருவர். அது தொங்கிய பின்பக்கத்தைத் தூக்கும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

டிரக் கம்பெனிகளே, அந்த 11,000 எப்படி வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். எஸ்ஏஇ ஜே2807 என்ற, வாகனப் பொறியாளர் சங்கத்தின் இழுவைச் சோதனை விதிப்படி சோதிக்கிறீர்கள். அதில் டிரக்கில் இருப்பது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். டங் வெயிட் பத்து சதவீதம். அதாவது 1,100-உடன் 300. என் 1,410 அங்கேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. அதே 11,000-க்கு 13 சதவீதம் போட்டால் 1,430. டிரைவர் ஏறுவதற்கு முன்பே வண்டி ஓவர்லோடு! சோதனையில் தவறு சொல்லவில்லை. ஐந்து சீட்டும் ஐந்து பெல்ட்டும் வைத்து விற்கும் வண்டிக்கு, இரண்டு பேர் கணக்கை விளம்பரத்தில் இத்தனை பெரிதாகப் போடுகிறீர்களே என்பதுதான் என் ஆத்திரம். ஒரே மாடலில் கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், நான்கு சக்கர இயக்கம் என்று சேரச் சேர, பேலோடு என்கிற அந்த ஸ்டிக்கர் எண் கரைந்துகொண்டே போகிறது. ஆனால் கையேட்டில் அச்சாவது எந்த வசதியும் இல்லாத வண்டியின் எண்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு சரக்கு லாரியின் பக்கவாட்டிலும் வெறும் வண்டி எவ்வளவு, ஏற்றினால் எவ்வளவு என்று பெயின்டில் எழுதியிருக்கும். அதை எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எண் கண்ணுக்குத் தெரியும். இங்கே அறுபதாயிரம் டாலர் வண்டியில் அது கதவிடுக்கில் ஒளிந்திருக்கிறது. பதினைந்து வருடக் கடனுக்கு எத்தனை பக்கம் காட்டி எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்கினீர்கள்! அதில் ஒரு பக்கம் இந்தக் கணக்குக்கு இடமில்லையா? கடன் முடியும்போது என் பெரியவளுக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். இதை விற்காவிட்டால் அதுவரை நான் கட்டப்போவது, என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இழுக்க முடியாத ஒரு டிரெய்லருக்கு.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம்தான். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வாங்குபவரின் டிரக் கதவைத் திறந்து அந்த எண்ணைப் படித்துக் காட்டுங்கள். எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று கேளுங்கள். டிரெய்லரை வெறும் எடையில் கணக்கிடாமல், அது தாங்கக்கூடிய முழு எடையில் 13 சதவீதம் போட்டு, ஹிட்ச்சையும் சேர்த்துக் கழித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால், இந்த டிரெய்லர் உங்களுக்கு ஆகாது, சின்னதாகப் பாருங்கள், அல்லது இதைவிடக் கனமான சுமை தாங்கும் முக்கால் டன் ரக டிரக் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அன்று ஒரு விற்பனை போகும்தான்.

இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில் டிரெய்லர் செய்து அனுப்புபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெறும் பெட்டியின் டங் வெயிட்டுக்குப் பக்கத்திலேயே, நிரம்பிய டிரெய்லரின் டங் வெயிட்டையும் அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள்.

அடுத்த மே மாதம் அம்மா மறுபடி வருகிறார். அதற்குள் நானும் ஒரு கடைக்குள் நுழைந்தாக வேண்டும், இதை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்க. அன்றைக்கு என்னைக் கேட்காமலே நீங்கள் என் டிரக் கதவைத் திறக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்