சைக்கிளையும் நிறுத்திக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராத்திரி லைட் இல்லாமலும் ஒருவழிப் பாதையில் எதிரேயும் சைக்கிளில் போகிறவர்களைப் போலீஸ் கண்டுகொள்வதே இல்லை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது சரிதான். ஆனால் கண்ணில் படும் சைக்கிளுக்கெல்லாம் அபராதம் போடச் சொன்னது மனதுக்கு ஒப்பவில்லை.

போன ஆனி மாதம், ராத்திரி எட்டு மணி இருக்கும். விடாத இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுக்குறியிலிருந்து தக்கலைக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் கண் கூசியது. அது கடந்ததும் நாலடி முன்னால் ஒரு சைக்கிள்! பிரேக்கை அழுத்தினேன், வண்டி வழுக்கி முழங்கால் ரோட்டில் தேய்ந்தது. சைக்கிளில் வந்தவன் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன், இருபது வயதுகூட இருக்காது. ஓடி வந்து என்னைத் தூக்கினான், அப்புறம் ஸ்கூட்டரைத் தூக்கினான். "லைட் இல்ல சார், லைட் இல்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சைக்கிளின் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்த இடத்தில் வெறும் ஆணி ஓட்டைதான் இருந்தது. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் மோட்டார் வாகனமாக வராது. 250 வாட்டுக்குக் குறைவான, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத பேட்டரி சைக்கிளும் அதில் வராது. ஹெல்மெட் போடாதவருக்கு 1,000 ரூபாய் சலான் அடிக்கும் மெஷின், நம்பர் பிளேட் இல்லாத சைக்கிளை என்ன செய்யும்? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, எந்த வண்டியை ஆபத்தாக ஓட்டினாலும் பொருந்தும். 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வேலை முடிந்து வீடு திரும்புகிறவனை அதில் கோர்ட்டுக்கு இழுத்தால் ஒரு நாள் கூலிதான் போகும். மறுநாள் ராத்திரியும் அதே இருட்டுச் சைக்கிளில்தான் வருவான்.

என் அப்பா ஒருமுறை லைட் இல்லாமல் திங்கள்சந்தைப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஏட்டையா வால்டியூப்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். வீடு வரை உருட்டிக்கொண்டே வந்த அப்பா, மறுநாள் முதல் வேலையாக டைனமோ மாட்டினார். இப்போதும் காற்றைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருட்டில் லைட் இல்லாமல் போனால் யாராவது நிறுத்திக் கேட்பார்கள் என்ற பயம் அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் இருந்தது. இப்போது அது அடியோடு போய்விட்டது.

தக்கலை, பார்வதிபுரம், வடசேரி என்று ராத்திரி வாகனச் சோதனை எங்கே நடந்தாலும் சைக்கிளையும் நிறுத்த வேண்டும். முதல் தடவை ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கரை அங்கேயே ஒட்டி அனுப்பட்டும். அதே ஆள் மறுபடி அப்படியே வந்தால், லைட் மாட்டிக் காட்டிய பிறகு சைக்கிளை எடுத்துப் போகட்டும். ஒரு ரிஃப்ளெக்டர் ஒரு சாயா வடை செலவுக்குள் முடிகிற சாமான். ஆட்களை வேலைக்குக் கொண்டுவரும் கான்ட்ராக்டர்களையும் கேட்க வேண்டும். பல இடங்களில் சைக்கிள் கொடுப்பதே அவர்கள்தான். பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச சைக்கிளையும் மறக்கக் கூடாது. டியூஷன் முடிந்து ஏழரை மணிக்கு அதில்தான் வருகிறார்கள்.

ஒருவழிப் பாதையில் எதிரே வருவது வேறு விஷயம். அதில் ஏழை, பணக்காரன் பார்க்கவே வேண்டாம்; இறக்கி உருட்டிக்கொண்டு திரும்பிப் போகச் சொல்ல வேண்டும்.

அடுத்த இடவப்பாதி தொடங்குவதற்குள் மாவட்டக் காவல்துறை இதை ஆரம்பிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தக்கலை.